குட்டி யார் கையில்?

சிலாங்கூர் மாநிலத்தின் கடலோர ஊரான கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி என்னும் சிறு குன்று உள்ளது. அதன் உச்சியில் பழைய கோட்டையின் எச்சங்களும் பீரங்கிகளும் ஒரு கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. வரலாற்றைப் பார்க்கவென்று குன்றேறுபவர்கள் பலர் குரங்குகளையே அதிக நேரம் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். சாம்பல் பூசியது போன்ற கரிய உடல், தலையுச்சியில் கூம்பி நிற்கும் முடி, உடலைவிட நீண்ட வால். மலாய்மொழியில் இவற்றுக்கு லோத்தோங் என்று பெயர். இலைகளை முதன்மை உணவாகக் கொள்ளும் இத்தகைய குரங்குகளைத் தமிழில் முசு என்று அழைத்தனர். பெண்குரங்குக்கு மந்தி என்றும் ஆண்குரங்குக்குக் கடுவன் என்றும் தொல்காப்பியக் காலம் முதலே நம்மிடம் சொற்கள் உண்டு. இக்கட்டுரையில் அச்சொற்களையே பயன்படுத்துவோம்.

கூட்டத்தில் அண்மையில் பிறந்த குட்டி ஒன்று இருந்தால், அதைத் தேட வேண்டியதில்லை. கரிய உடல்களுக்கு நடுவே அது பளிச்சென்று செம்மஞ்சள் நிறத்தில் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே குட்டி உண்மையிலேயே பொன்னிறம்தான்.

சற்று நேரம் நின்று கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். ஒரு மந்தியின் மார்பில் இருந்த குட்டி, சிறிது நேரத்தில் வேறொரு மந்தியின் மடியில் இருக்கும். அதன்பின் மூன்றாவது மந்தி ஒன்று கை நீட்டி வாங்கிக்கொள்ளும். குட்டி கத்தினால், சற்றுத் தள்ளி இலை தின்றுகொண்டிருக்கும் ஒரு மந்தி நிமிர்ந்து பார்க்கும். அதுதான் தாய். பிறந்து சில நாள்களே ஆன குட்டியைப் பிறரிடம் விட்டுவிட்டு அதனால் எப்படி நிம்மதியாக உண்ண முடிகிறது? இதே நாட்டில், ஏன், இதே குன்றின் அடிவாரத்துச் சதுப்புநிலக் காட்டிலும் வாழும் நீள்வால் குரங்கு, அதாவது நாம் அன்றாடம் காணும் கெரா, தன் குட்டியை எளிதில் எவரிடமும் கொடுப்பதில்லை. இரண்டும் குரங்குகள்தாம்; இரண்டும் பாலூட்டி வளர்ப்பவைதாம். ஆயினும், குட்டி யார் கையில் இருக்கலாம் என்பதில் இவ்வளவு வேறுபாடு.

பிறப்பிலிருந்தே தொடங்குவோம்.

பகலில் நடமாடும் குரங்குகள் பெரும்பாலும் இரவில்தான் குட்டி ஈனுகின்றன. கூட்டம் ஓரிடத்தில் தங்கி உறங்கும் நேரம் அது. விடிந்து கூட்டம் புறப்படுவதற்குள் தாயும் குட்டியும் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடலாம். இதனால் ஆய்வாளர்கள்கூடக் காட்டில் ஒரு பிரசவத்தை நேரில் காண்பது அரிது. மாலையில் வயிறு பெருத்திருந்த மந்தி, காலையில் மார்பில் ஈரக் குட்டியோடு அமர்ந்திருப்பதைத்தான் அவர்கள் வழக்கமாகக் காண்கின்றனர்.

பெரும்பாலான குரங்குகளின் குட்டி, முகம் தாயின் முன்புறத்தை நோக்கியபடி வெளிவருகிறது. ஆகவே, தாய் தன் கைகளாலேயே அதைப் பற்றி மேலே இழுத்து மார்பில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. தொப்புள்கொடியைப் பல்லால் கடித்து அறுக்கிறது, குட்டியை நக்கித் தூய்மைப்படுத்துகிறது, நஞ்சுக்கொடியைத் தின்றுவிடுகிறது. அக்கணமே குட்டியும் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறந்த குட்டியின் விரல்கள் தாயின் வயிற்று முடியை இறுகப் பற்றிக்கொள்கின்றன. தாய் மரத்துக்கு மரம் தாவும்போது அந்தப் பிடி தளர்ந்தால் உயிரே போய்விடும். விடாப்பிடியை நாம் குரங்குப் பிடி என்று சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சன்று.

மனிதப் பிரசவத்துக்கு மருத்துவச்சி வேண்டும். குரங்குக்கு வேண்டியதில்லை என்றுதான் நீண்ட காலம் கருதினார்கள். 2012ஆம் ஆண்டில் சீனாவின் யுன்னான் மாநிலத்து மலைக்காட்டில் ஒரு நிகழ்வு பதிவானது. கறுப்பும் வெள்ளையுமான சப்பைமூக்குக் குரங்கு ஒன்று, வழக்கத்துக்கு மாறாகப் பகலில், மரத்தின்மேல் பிரசவ வலியில் இருந்தது. குட்டியின் தலை வெளியே வந்த பிறகு, முன்பே குட்டி ஈன்ற அனுபவமுள்ள மற்றொரு மந்தி நெருங்கி வந்து, குட்டியை முழுவதுமாக இழுத்தெடுத்தது. அதை மூடியிருந்த சவ்வையும் கிழித்தது. ஒரு நிமிடத்துக்குள் தாய் குட்டியை வாங்கிக்கொண்டது. உதவிய மந்தி இரை தேடப் போய்விட்டது. இத்தகைய உதவி எத்தனை இனங்களில் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதை ஓரிரு காட்சிகளை வைத்து முடிவுசெய்ய இயலாது. என்றாலும், தேர்ந்த கை ஒன்று தக்க நேரத்தில் நீண்டது என்பதில் ஐயமில்லை.

இனி, குட்டியின் நிறத்துக்கு வருவோம். வெள்ளி லோத்தோங்கின் செம்மஞ்சள் குட்டி சில மாதங்களில், ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், பெரியவற்றின் சாம்பல் நிறத்தை அடைந்துவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் செங்கொங்கின் குட்டியும் மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில்தான் பிறக்கிறது. சிங்கப்பூரின் நடுப்பகுதி நீர்ப்பிடிப்புக் காட்டிலும் ஜொகூரிலும் வாழும் ராஃபிள்ஸ் பட்டை லங்கூரின் குட்டி வெண்ணிறம். தலையிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடும் தோள்களின் குறுக்கே மற்றொரு கோடும் இருக்கும். சிங்கப்பூரில் இந்த இனம் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதால், அத்தகைய ஒரு குட்டி கண்ணில் பட்டாலே அது செய்தியாகிவிடுகிறது. கெராவின் குட்டியோ கரிய மயிரோடு பிறந்து, பிறகு பழுப்பாகிறது.

காட்டில் பகைக்குப் பஞ்சமில்லை. அப்படியிருக்க, பிறந்த குட்டிக்கு இவ்வளவு பகட்டான நிறம் எதற்கு? கழுகுக்கு எளிதில் தெரிந்துவிடாதா? இதற்குப் பலரும் ஏற்கும் ஒரு விளக்கம் உண்டு. நிறம் கூட்டத்தின் கண்களுக்கான அறிவிப்பு. ‘இது பச்சிளங்குட்டி, இதனிடம் மென்மையாக நடந்துகொள்’ என்று அது சொல்கிறது. அந்த நிறம் இருக்கும்வரை மற்ற மந்திகள் குட்டியை நாடி வருகின்றன. நிறம் மாறத் தொடங்கியதும் ஆர்வம் குறைகிறது. எல்லா இனங்களுக்கும் இந்த விளக்கம் பொருந்துமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால், லோத்தோங் கூட்டத்தில் செம்மஞ்சள் குட்டி ஒரு காந்தம் என்பதைக் குன்றின்மேல் நிற்கும் எவரும் பார்க்கலாம்.

சங்க இலக்கிய அகப்பாடல்களில் இரண்டு தாயரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். லோத்தோங் கூட்டத்தில் குட்டிக்கு ஒரு நற்றாயும் பல செவிலிகளும் இருக்கின்றனர். இந்தியாவின் அனுமன் குரங்குகளிடமும் இதே வழக்கம் உண்டு. 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் அவற்றை ஆராய்ந்த அமெரிக்கரான சாரா ஹெர்டி, பிறந்த நாளிலேயே குட்டி கைமாறத் தொடங்குவதைப் பதிவு செய்தார்.

யார் இந்தச் செவிலிகள்? குட்டி ஈன்ற அனுபவமுள்ள மந்திகளும் உண்டு. ஆனால், மிகுந்த ஆவலோடு வருபவை பெரும்பாலும் இன்னும் குட்டி ஈனாத இளம் மந்திகளும், சூல்கொண்ட மந்திகளும்தாம். வீட்டுக்குக் கைக்குழந்தை வந்தால், பள்ளிச் சிறுமியர் ‘நான் தூக்குகிறேன், நான் தூக்குகிறேன்’ என்று போட்டியிடுவதை இது நினைவூட்டலாம். அவற்றின் திறமையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இளம் மந்தி குட்டியைத் தலைகீழாகப் பிடிக்கும்; ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு கிளையில் நடக்கும்; அலுத்துப்போனால் மடியிலிருந்து தள்ளிவிடும். குட்டி கத்தும். தாயோ வேறொரு மந்தியோ வந்து எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால், இது குட்டிக்கு வேண்டாத துன்பம்தானே என்று கேட்கலாம். கணக்கில் வேறு வரவுகளும் உள்ளன. இலை சத்துக் குறைந்த உணவு. போதிய அளவு பெற நெடுநேரம் தின்ன வேண்டும். அதைச் செரிக்க லோத்தோங்கின் வயிறு பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குக் கைகள் இரண்டும் விடுபட்டு, அமைதியாக உண்ணக் கிடைக்கும் நேரம் பெரிய வரம். செவிலிக்கும் வரவு உண்டு. வெர்வெட் என்னும் ஆப்பிரிக்கக் குரங்குகளை அடைப்பிடத்தில் வளர்த்துப் பல ஆண்டுகள் கவனித்த லின் ஃபேர்பேங்க்ஸ் 1990இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இளமையில் பிறர் குட்டிகளை அதிகம் தூக்கிப் பழகிய மந்திகளின் சொந்த முதற்குட்டி பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. செவிலியரின் உதவி கிடைத்த தாய்மார் அடுத்த குட்டியை விரைவில் ஈன்றன. முதற்குட்டியைப் பறிகொடுப்பது குரங்குகளிடையே அரிதன்று. எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் மார்பில் அணைப்பது என்று தெரியாமலே சில தாய்மார் திகைக்கின்றன. ஆகவே, தலைகீழாகப் பிடித்த அந்த இளம் மந்தி விளையாடிக்கொண்டிருக்கவில்லை, பாடம் படித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு நன்மை இருந்தால், கெரா ஏன் குட்டியைக் கொடுப்பதில்லை?

விடை, அவற்றின் சமூக அமைப்பில் இருக்கிறது. கெரா பழங்களை விரும்பி உண்ணும். பழுத்த ஓர் அத்திமரம் கிடைத்தால், யார் முதலில் ஏறுவது, யார் நல்ல கிளையில் அமர்வது என்பதில் போட்டி வரும். அதனால் கெராக் கூட்டத்தில் பெண்களுக்குள் மேல்நிலை, கீழ்நிலை என்ற வரிசை கண்டிப்பானது. அந்த நிலை பிறப்பால் வருகிறது. உயர்நிலைத் தாயின் மகள் வளர்ந்ததும் தாய்க்கு அடுத்த நிலையைப் பெறுகிறாள். இப்போது, கீழ்நிலை மந்தி ஒன்றின் குட்டியை மேல்நிலை மந்தி ஒன்று தூக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டி பசித்துக் கத்துகிறது. தாய்க்குப் போய்ப் பிடுங்கத் துணிவில்லை. அருகில் நின்று தவிக்கிறது. தூக்கியவளிடம் பால் இல்லை. மணிக்கணக்கில் இது நீண்டால் குட்டி வாடிவிடும். நாள்கணக்கில் நீண்டால் இறந்துவிடும். கெராவின் நெருங்கிய உறவினங்களிலும் பபூன்களிலும் இப்படிக் குட்டிகள் இறந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

லோத்தோங் கூட்டத்தில் இந்த அச்சம் குறைவு. இலை எங்கும் பரவிக் கிடக்கிறது. ஒரு கிளைக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பெண்களிடையே உயர்வு தாழ்வு இருந்தாலும் அது தளர்வானது. தாய் எழுந்து போய்க் கை நீட்டினால் குட்டி திரும்பக் கிடைத்துவிடும். தாய் குட்டியைக் கொடுக்கிறதா, மறுக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது, திரும்பக் கேட்டால் கிடைக்குமா என்பதே. லோத்தோங் தாய் அசட்டையானதுமன்று, கெராத் தாய் கஞ்சத்தனமானதுமன்று. இரண்டையும் ‘தாய்ப்பாசம்’ என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டு நகர்வது எளிது. ஆனால், அச்சொல் எதையும் விளக்குவதில்லை.

கெரா மந்திகளுக்கும் பிறர் குட்டியைத் தொட ஆசை இல்லாமலில்லை. சிங்கப்பூரின் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் அருகில் நின்றாலும் இதைக் காணலாம். குட்டியோடு ஒரு தாய் அமர்ந்திருக்கும். இன்னொரு மந்தி மெல்ல வந்து பக்கத்தில் உட்காரும். நேராகக் குட்டியிடம் கை நீட்டாது. முதலில் தாய்க்குப் பேன் பார்க்கும். முதுகு, தோள், கழுத்து என்று பொறுமையாக முடியை விலக்கிப் பார்க்கும். தாய் கண் மூடிச் சாய்ந்த பிறகு, ஒரு விரல் குட்டியின் காலைத் தொடும், அதன்பின் முதுகை வருடும், வாய்ப்பிருந்தால் அணைத்துக்கொள்ளும்.

பின்னாளில் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் கமர்ட், களிமந்தானின் தஞ்சோங் புத்திங் தேசியப் பூங்காவில் கெராக்களிடம் இதைக் கணக்கெடுத்தார். அவர் 2007இல் வெளியிட்ட முடிவு சுவையானது. கூட்டத்தில் குட்டிகள் குறைவாக இருந்தபோது, ஒரு குட்டியைத் தொடுவதற்கு அதிக நேரம் பேன் பார்க்க வேண்டியிருந்தது. குட்டிகள் மிகுதியாக இருந்தபோது குறைந்த நேரமே போதுமானதாக இருந்தது. சந்தையில் மீன்வரத்துக் குறைந்தால் விலை ஏறுவதைப் போலத்தான். தென்னாப்பிரிக்காவின் பபூன்களிடமும் இத்தகைய போக்கைப் பிற ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தனர். குரங்குகள் உட்கார்ந்து கணக்குப் போடுகின்றன என்பது இதன் பொருளன்று. ஆனால், குட்டியை நெருங்க ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைத் தாய்க்குத்தான் செலுத்த வேண்டியிருக்கிறது.

குட்டிக்கு வரும் பெரிய ஆபத்து சில இனங்களில் மந்திகளிடமிருந்து வருவதில்லை, கடுவனிடமிருந்து வருகிறது. இந்தப் பகுதியைப் படிக்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால், இதை விட்டுவிட்டால் மற்றவை புரியா.

1960களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்த ஜப்பானியரான யுக்கிமாரு சுகியாமா, புதிய கடுவன்கள் ஒரு கூட்டத்தைத் தாக்கிப் பழைய கடுவனைத் துரத்தியதையும், அதன்பின் பால்குடிக் குட்டிகள் கொல்லப்பட்டதையும் கண்டார். அது ஏதோ நோய்ப்பட்ட நடத்தை, நெரிசலால் வந்த வெறி என்றே பலர் எண்ணினர். ஹெர்டி வேறு விளக்கம் சொன்னார். பால் கொடுக்கும் மந்தி சூல்கொள்வதில்லை. குட்டி இறந்தால் விரைவில் மீண்டும் சூல்கொள்ளும். புதிய கடுவனும் சில ஆண்டுகளில் துரத்தப்படக்கூடியவன். தன் குட்டிகள் பிறந்து வளர அவனுக்குக் காலம் குறைவு. கொடுமையான தர்க்கம்தான். முதலில் கடுமையாக எதிர்க்கப்பட்டாலும், பின்னர் வேறு பல விலங்கினங்களிலும் இத்தகைய நிகழ்வுகள் பதிவானதால், அவ்விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. கோலசிலாங்கூர் லோத்தோங்குகளிடமும் பழைய கடுவனின் இடத்தைப் புதிய கடுவன் பிடித்த நிகழ்வை 1970களில் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

மந்திகள் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அபு மலையில் தாய்மார் மட்டுமன்றி, மூத்த மந்திகளும் கூடிக் கடுவனை எதிர்த்தன. குட்டியைக் கையில் வைத்துப் பழகிய செவிலிகள் பல இருப்பது, இத்தகைய நாள்களில் வெறும் ஓய்வுநேர வசதியாக இருப்பதில்லை.

பெண்களின் கூட்டு இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிம்பன்சியும் போனோபோவும் தெளிவாகக் காட்டுகின்றன. இவ்விரண்டும் நமக்கு மிக நெருங்கிய உறவான வாலில்லாக் குரங்குகள். சிம்பன்சித் தாய் குட்டி ஈனும் காலத்தில் கூட்டத்தைவிட்டு ஒதுங்கிப்போகும். சில வாரங்கள் கண்ணிலேயே படாது. ஆய்வாளர்கள் இதை விளையாட்டாகப் ‘பிரசவ விடுப்பு’ என்கிறார்கள். அந்த விடுப்பு ஏன் தேவை என்பது 2014 டிசம்பரில் தன்சானியாவின் மஹாலே மலைப்பகுதியில் தெரிந்தது. ஒரு சிம்பன்சி மற்றவற்றின் நடுவிலேயே குட்டி ஈன்றது. தாயின் கை படுமுன்பே வளர்ந்த ஆண் ஒன்று குட்டியைப் பறித்துக்கொண்டு புதருக்குள் மறைந்தது. பின்னர் அதைத் தின்றது.

போனோபோக்களிடையே பெண்கள் கூடி நின்று ஆண்களை அடக்கிவைக்கக்கூடியவர்கள். பிரான்சிலும் நெதர்லாந்திலும் விலங்குப் பூங்காக்களில் நிகழ்ந்த மூன்று போனோபோப் பிரசவங்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. தாய் ஒதுங்கிப் போகவில்லை. மற்றப் பெண்கள் அருகிலேயே இருந்தன, பேன் பார்த்தன, ஈக்களையும் பிறரையும் அண்டவிடாமல் காவல் நின்றன, குட்டி வெளிவரும் நேரத்தில் ஏந்திக்கொள்வதுபோல் கை நீட்டின. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு இனங்களில், ஒன்று பிரசவத்துக்காக ஓடி ஒளிகிறது. மற்றொன்று தோழியர் நடுவே ஈனுகிறது.

எல்லா ஆண்களும் குட்டிக்குப் பகை என்று நினைத்துவிட வேண்டாம். தென்னமெரிக்காவின் மார்மோசெட், டமரின் ஆகிய சிறு குரங்குகள் வழக்கமாக இரட்டைக் குட்டிகளை ஈனுகின்றன. அவற்றின் எடை தாய்க்குப் பெரும் சுமை. தந்தையும் மூத்த பிள்ளைகளும் மாறி மாறி முதுகில் சுமக்காவிட்டால் குட்டிகள் தேறுவது கடினம். நம் காடுகளின் சியாமாங்கிலும், குட்டியின் இரண்டாம் ஆண்டில் தந்தை அதைத் தூக்கித் திரிவதைக் காணலாம்.

எதிர்முனையில் இருப்பது ஓராங் ஊத்தான். செவிலியும் இல்லை, தந்தையின் துணையும் இல்லை. தாயும் குட்டியும் மட்டுமே. அடுத்த குட்டி பிறக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை எந்தப் பழம் எப்போது பழுக்கும், இரவுக்குக் கிளைகளை வளைத்துக் கூடு கட்டுவது எப்படி என்று எல்லாவற்றையும் அந்த ஒரே ஆசிரியையிடம்தான் குட்டி கற்க வேண்டும். சபாவின் செப்பிலோக் மறுவாழ்வு மையம் 1964 முதல் தாயை இழந்த ஓராங் ஊத்தான் குட்டிகளைப் பராமரித்து வருகிறது. அங்குள்ள பணியாளர்கள் பால் புகட்டுவதோடு நின்றுவிட முடியாது. மரமேறும் பழக்கத்தையும் குட்டிகளுக்கு ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன.

தாயை இழந்த குட்டிகள் எங்கிருந்து வருகின்றன? காடு அழிக்கப்படுவதால் சில. செல்லப்பிராணியாக விற்கப் பிடிக்கப்படுவதால் சில. நாம் பார்த்த குரங்குப் பிடியை நினைவில் வைத்துக்கொண்டு, சமூக ஊடகங்களில் வரும் ‘அழகான லோத்தோங் குட்டி விற்பனைக்கு’ என்ற படத்தைப் பாருங்கள். தாய் உயிரோடு இருக்கும்வரை அந்தக் குட்டியை அதன் மார்பிலிருந்து பிரிப்பது எளிதன்று. ஆகவே, பெரும்பாலும் தாயைக் கொன்றே குட்டியை எடுக்கிறார்கள். அது லோத்தோங் ஆனால், குட்டி இழப்பது ஒரு தாயை மட்டுமன்று. தன்னைத் தூக்கிய அத்தனை கைகளையும்தான். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிமமின்றி லோத்தோங்கைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

குட்டி இறந்துபோனால் தாய் என்ன செய்யும்? மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் போசு என்னும் இடத்தில் வாழும் சிம்பன்சிகளிடையே 2003இல் மூச்சுநோய் பரவியது. ஜிரே என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்த தாய், இறந்த தன் குட்டியை 68 நாள்கள் சுமந்து திரிந்தது. உடல் உலர்ந்து தோலாகிவிட்ட பிறகும் ஈக்களை விரட்டியது, பேன் பார்த்தது, உறங்கும் கூட்டுக்கும் எடுத்துச் சென்றது. அதே தாய் 1992இலும் வேறொரு குட்டியை இழந்து, அதை 27 நாள்கள் சுமந்திருந்தது. அதை அன்பு என்பதா, சாவைப் புரிந்துகொள்ளாமை என்பதா? ஆய்வாளர்கள் அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவதில்லை. எனக்கும் நாள்களின் எண்ணிக்கையே போதுமானதாகப் படுகிறது.

இவ்வளவையும் மனிதர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள்? பெரும்பகுதி, பொறுமையாக உட்கார்ந்து எழுதியதால்தான். கென்யாவின் அம்போசெலி சமவெளியில் பபூன் தாய்மாரை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், 1974இல் கவனிப்பு முறைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார். அவர் சுட்டிக்காட்டிய சிக்கல் எளியது: கூட்டத்தைப் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தால், நம் கண் சண்டைக்கும் கூச்சலுக்கும்தான் ஓடும். அமைதியாக இலை தின்னும் தாய் குறிப்பேட்டில் இடம்பெறாது. ஆகவே, ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த நேரம் முடியும்வரை, வேறெங்கும் என்ன நடந்தாலும், அதை மட்டும் கவனித்து எழுத வேண்டும்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். புக்கிட் மெலாவத்திக்கோ கெராக்கள் நடமாடும் ஒரு பூங்காவுக்கோ பெரியவர் ஒருவரோடு செல்லுங்கள். ஒரு குட்டியைத் தேர்ந்தெடுங்கள். இருபது நிமிடம், நிமிடத்துக்கு ஒருமுறை, குட்டி யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெயர் தெரியாது, ஆகவே, ‘வால் வளைந்தவள்’, ‘காது கிழிந்தவள்’ என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளலாம். குட்டி கத்தினால், யார் முதலில் திரும்பிப் பார்த்தது என்பதையும் குறியுங்கள். கெராவாக இருந்தால், குட்டியைத் தொடுமுன் எத்தனை நிமிடம் பேன் பார்க்கப்பட்டது என்று தனியாக எழுதுங்கள்.

சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது 2020 ஜூன் முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. மலேசியாவில் குன்றின்மேல் சிலர் காய்களையும் ரொட்டியையும் நீட்டுவதை நீங்கள் பார்க்க நேரலாம். எங்கும் பரவிக் கிடக்கும் இலையை உண்ணும் கூட்டத்தின் நடுவே, ஒரே கையில் குவிந்த உணவு வந்தால், மந்திகளுக்கு இடையே என்ன நிகழும்? பழமரத்தைப் பற்றி மேலே படித்ததைக் கொண்டு முதலில் ஊகித்து எழுதிவையுங்கள். பிறகு, அங்கு நடப்பதோடு ஒப்பிடுங்கள். ஆனால், உணவு நீட்டும் கை உங்களுடையதாக இருக்கக்கூடாது. உங்களிடம் பொட்டலம் இருப்பது தெரிந்துவிட்டால், அவை குட்டியை விட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைய இருபது நிமிடக் குறிப்பைக் கிழித்துப் போடவேண்டியதுதான்.